உப்பும் உறைபனியும் தாங்கும் ஒரே சைக்கிள்: பன்னிரண்டு மாதமும் வேலைக்குப் போக எதை வாங்குவது?

கடைக்குள் நுழைந்ததும் 'எத்தனை கியர், எத்தனை கிலோ' என்று கேட்கத்தான் வாய் வரும். அதைச் சற்று ஒத்திப்போட்டு, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். பெடல் அச்சுக்குப் பின்னால், இரண்டு குழாய்களுக்கு நடுவே டயர் நுழைகிற இடத்தில் இருபுறமும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது? 6 மி.மீ. ஆலன் சாவி ஒன்றை அங்கே செருகிப் பாருங்கள். முன்ஃபோர்க்கின் தலைக்கும் டயருக்கும் நடுவே 10 மி.மீ. சாவியைச் செருகுங்கள். மட்கார்டு மாட்டிய பிறகும் இரண்டும் தாராளமாகப் போய்வந்தால் மற்றதைப் பேசலாம். போகாவிட்டால், கோடைக்கு அது எவ்வளவு நல்ல சைக்கிளாக இருந்தாலும் பனிக்காலத்தில் உங்களை நடக்க வைக்கும்.

காரணம் எளிது. பனிச்சேறு டயரில் ஒட்டிக்கொண்டு சுற்றி வருகிறது. குறுகலான இடத்தில் தேங்குகிறது. காற்று பட்டதும் கட்டியாகிறது. ஐந்தே நிமிடத்தில் அது பிரேக் போட்டதுபோல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ., முடிந்தால் 15 மி.மீ. வேண்டும். ஆணி பதித்த டயரில் ஆணிகள் ரப்பருக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். 40 மி.மீ. ஆணி டயரும், 50 முதல் 55 மி.மீ. அகல மட்கார்டும் வேண்டுமென்றால், மட்கார்டு இல்லாமல் 50 மி.மீ. டயர் ஏற்கும் சட்டமாக (ஃபிரேம்) பாருங்கள். சட்டத்தின் விவரக்குறிப்பில் போட்டிருக்கும் 'அதிகபட்ச டயர் அளவு' பெரும்பாலும் மட்கார்டு இல்லாத அளவுதான். அதை நம்பி ஏமாறுகிறவர்களே அதிகம்.

குனிந்தது குனிந்தாகிவிட்டது, மட்கார்டும் கேரியரும் மாட்டும் திருகுத் துளைகள் ஃபோர்க்கிலும் பின்பக்கத்திலும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். கிளிப்பில் தொங்கும் பாதி மட்கார்டுகள் மழைக்குப் போதும், உப்புச் சேற்றுக்குப் போதாது.

முதலில் உங்கள் சாலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

'கடும் குளிர்' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் சைக்கிளுக்கு அது இரண்டு வேறு எதிரிகள். பின்லாந்தின் ஊலு நகரத்தில் சைக்கிள் பாதைகளில் பனியை இறுக்கிச் சமன்படுத்தி அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே சிக்கல் குளிரும் வழுக்கலும். கோபன்ஹேகனில் சைக்கிள் பாதைகளுக்கு உப்பிட்டுத் துப்புரவாக்குகிறார்கள். அங்கே டயர் வழுக்குவது குறைவு, ஆனால் செயின் முதல் ஸ்போக் நிப்பிள் (ஸ்போக் கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு மரை) வரை உப்பு தின்னும்.

உங்கள் வழி எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் பணத்தை எங்கே போடுவது என்று முடிவாகும். உப்பிடும் ஊரில் செயின் கவர், மூடிய பிரேக், துருப்பிடிக்காத உதிரிகள். பனியை இறுக்கி விடும் ஊரில் நல்ல ஆணி டயர், குளிரில் இறுகாத மசகு. இரண்டும் கலந்த ஊரில் உப்பையே முதல் எதிரியாக வையுங்கள். குளிர் சைக்கிளை அந்த ஒரு காலைக்கு நிறுத்தும். உப்பு ஒரே பருவத்தில் பாதி உதிரிகளைக் குப்பைக்கு அனுப்பும்.

கியர்: எது வெளியே தொங்குகிறதோ அதுதான் முதலில் உறையும்

டிரெய்லர் (derailleur) கியர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வெளிப்புறக் கியர், கோடையில் அருமையானது. பனிச்சேற்றில் அதற்கு மூன்று நோய்கள் வரும். பின்பல்சக்கரங்களுக்கு நடுவே பனி இறுகி, செயின் பல்லில் உட்காராமல் துள்ளும். டிரெய்லரின் சின்னப் பல்சக்கரங்கள் உறைந்து நின்றுவிடும். கேபிள் உறைக்குள் போன தண்ணீர் கட்டியாகி, கியர் ஒன்றில் சிக்கிக்கொள்ளும். இவற்றில் எதுவும் சைக்கிளின் பழுதல்ல. இயந்திரம் திறந்த வெளியில் இருப்பதன் பலன்.

இவற்றைவிட மோசமானது ஃப்ரீவீல் வழுக்கல். பின் ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டுக்குள், பல்லைக் கவ்வும் சிறு நாக்குகளைச் சன்னமான ஸ்பிரிங் வெளியே தள்ளுகிறது. உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில் அது மெழுகாகிவிடும். நாக்கு வெளியே வராது. பெடல் முன்னும் பின்னும் சும்மா சுற்றும், சைக்கிள் நகராது. குளிர்காலம் தொடங்குமுன் ஹப்பைத் திறந்து, நாக்குகளில் உள்ள பழைய கிரீஸைத் துடைத்து, மெல்லிய எண்ணெயோ குளிருக்கென்று உள்ள இளகிய கிரீஸோ போட்டால் தீரும். பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை நாக்குகளுக்குப் போடுவதுதான் வழக்கமான தவறு.

ஒரே சைக்கிள்தான் என்றால் எங்கள் தேர்வு ஹப்புக்குள் கியர் இருக்கும் வகை. ஷிமானோ நெக்ஸஸ் 7, நெக்ஸஸ் 8, ஆல்ஃபைன் 8 ஆகியவை வேலைக்குப் போய்வரப் போதுமானவை. நெக்ஸஸ் 7-இன் மொத்த வீச்சு, அதாவது மிக இலகுவான கியரோடு ஒப்பிட மிகக் கனமான கியரின் அளவு, 244 சதவீதம், 8 கியர் உள்ளவற்றுக்கு 307 சதவீதம். சமதரைக்கு ஸ்டர்மி ஆர்ச்சரின் 3 கியர் ஹப்பே போதும். அதன் வீச்சு 177 சதவீதம், உள்ளே பழுதாக அதிகம் எதுவும் இல்லை. செங்குத்தான மேடுகள் உள்ள வழிக்கு ரோலாஃப் 14 கியர் ஹப் 526 சதவீதம் தரும், ஆனால் மற்ற ஹப்புகளைவிடப் பல மடங்கு விலை. அதற்கு 5000 கி.மீ.க்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும்.

முன்பல், பின்பல் விகிதத்தையும் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். நெக்ஸஸ் 8-இல் முன்னே 38 பல், பின்னே 18 பல் என்றால் விகிதம் 2.11. 622 சக்கரத்தில் (டயர் அமரும் ரிம்மின் விட்டம் 622 மி.மீ.) 40 மி.மீ. டயருடன், முதல் கியரில் ஒரு முழு மிதிக்குச் சுமார் 2.4 மீட்டர் போகும், எட்டாவதில் சுமார் 7.5 மீட்டர். பனிக்காலத்துக்கு இது சரியான அளவு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆணி டயர் இழுக்கும், உடுப்பு கனக்கும். கோடையில் ஓட்டுகிற கியரைவிட ஒன்றிரண்டு குறைவாகவே ஓட்டுவீர்கள். அதற்காக விகிதத்தை 2-க்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். மேட்டில் ஏறி மிதிக்கும்போது ஹப்பின் உள்பற்கள் மீது பளு கூடிவிடும்.

ஹப் கியரும் குளிருக்கு முழுக்க விதிவிலக்கல்ல. சில ஹப்புகளில் கிரீஸ் இறுகினால் கியர் மாற நேரமெடுக்கும், சில நேரம் வழுக்கும். பெரும்பாலும் காரணம் கேபிள்தான்: உறைக்குள் தண்ணீர் உறைந்திருக்கும், அல்லது கேபிள் அளவு மாறியிருக்கும். 8 கியர் ஹப்பை 4-வது கியரில் வையுங்கள். ஹப்பின் பக்கத்தில் உள்ள இரண்டு வண்ணக் கோடுகள் நேருக்கு நேர் வர வேண்டும். விலகியிருந்தால் கைப்பிடி அருகே உள்ள திருகை அரைச்சுற்று திருப்பிச் சரிசெய்யலாம். கோடுகள் விலகிய நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால்தான் ஹப் கெடும்.

இன்னொரு கண்ணி: ஹப் கியர் சைக்கிளில் செயினை இழுத்துப் பிடிக்க டிரெய்லர் இல்லை. எனவே சக்கரத்தை முன்பின் நகர்த்த வசதியாக அச்சு இருக்கை (பின்சக்கர அச்சு அமரும் பிளவு) கிடைமட்டமாகவோ நகரும் தகட்டுடனோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் கூடு) மையம் விலகிச் சுழல்வதாக இருக்க வேண்டும். நேராகக் கீழ்நோக்கித் திறக்கும் இருக்கையில் ஹப் கியரைப் போட்டு, ஸ்பிரிங் வைத்த இழுப்பான் மாட்டித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரெய்லர் வேண்டாமென்று வந்து, அதன் சின்னப் பல்சக்கரத்தை மறுபடி வாங்கிய கதையாகிவிடும்.

கியரே வேண்டாம் என்பவர்களுக்கு ஒற்றைப் பல் சைக்கிள் உப்புச் சாலையில் மிகக் குறைந்த செலவில் ஓடும். உடைய எதுவும் இல்லை. ஆனால் ஆழப் பனியில் இறங்கி ஏற கியர் இல்லாததை முழங்கால் நினைவில் வைத்துக்கொள்ளும்.

செயினா, பெல்ட்டா

உப்பிட்ட சாலையில் திறந்த செயின் ஒரு பருவம் தாங்குவதே பெரிது. முழுமையாக மூடும் செயின் கவர் இதற்கு மிக மலிவான தீர்வு. ஹப் கியரோ ஒற்றைப் பல்லோ இருந்தால்தான் அது பொருந்தும் என்பது ஹப் கியருக்கு ஆதரவாக இன்னொரு வாதம். கேட்ஸ் நிறுவனத்தின் கார்பன் பெல்ட் துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது, காற்சட்டையைக் கறையாக்காது. ஆனால் பெல்ட்டைக் கழற்றிக் கண்ணி குறைக்க முடியாது. எனவே பின் முக்கோணத்தில் சட்டம் பிரிந்து திறக்க வேண்டும்; முன்பின் பற்களின் எண்ணிக்கையும் பெல்ட் நீளமும் சட்டத்துக்குப் பொருந்தியே வர வேண்டும். சாதாரணச் சட்டத்தில் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

செயின் என்றால் தேய்மானத்தை அளவுகோலால் அளக்கலாம். 24 கண்ணிகள் புதிதில் 304.8 மி.மீ. அது 306.3 ஆனால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. டிரெய்லர் சைக்கிளில் அப்போதே மாற்றினால் பல்சக்கரங்கள் பிழைக்கும். ஹப் கியரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 307.8 மி.மீ. வரை விடலாம்.

பிரேக்

ரிம் பிரேக் உப்புச் சாலைக்கு உதவாது. சேற்றில் உள்ள மணலும் கல்லும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அரத்தைப்போல் அராவும். ரிம் தேய்ந்து ஒருநாள் விளிம்பு பிளக்கும். ரிம் மீது பனி படிந்தால் முதல் இரண்டு சுற்றுக்கு பிரேக்கே இருக்காது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் கேபிளுக்குப் பதில் திரவம்தான் லீவரின் அழுத்தத்தைக் கடத்துகிறது என்பதால் உறைவதற்கு உறைக்குள் தண்ணீரும் இல்லை. மினரல் ஆயில் போட்ட பிரேக்குகள் கடுங்குளிரில், சுமார் மைனஸ் 20-க்குக் கீழே, மந்தமாகும். லீவர் திரும்பி வரச் சுணங்கும். டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம் போட்டவை குளிரில் அவ்வளவு தடிக்காது, ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளதால் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

டிஸ்க்கின் கட்டையில் ரெசின் வகை அமைதியானது, ஆனால் ஈர மணலில் வேகமாகக் கரையும். உலோகக் கட்டை நீடித்து உழைக்கும், சத்தம் போடும். மாற்றுமுன் டிஸ்க் தட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மலிவான தட்டுகளில் 'ரெசின் கட்டை மட்டும்' என்று இருக்கும். அதில் உலோகக் கட்டையைப் போட்டால் தட்டே தேய்ந்துபோகும். இரண்டு வாரத்துக்கொருமுறை கட்டையைப் பாருங்கள். தேய்மானப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள்.

சமதரை ஊர்களுக்கு ஏற்ற டிரம் பிரேக்கைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, அது நியாயமல்ல. பிரேக் முழுவதும் ஹப்புக்குள் மூடியிருக்கிறது; உப்பு, மணல், பனி எதுவும் எளிதில் உள்ளே போகாது. ஸ்டர்மி ஆர்ச்சர் 70 மி.மீ., 90 மி.மீ. அளவுகளில் தருகிறது, டைனமோவும் டிரம்மும் ஒரே முன் ஹப்பில் வருவதும் உண்டு. டிஸ்க்கின் வேகமான பிடி அதில் இருக்காது. பனித்தகட்டின் மேல் திடீர்ப் பிடியே ஆபத்து என்பதால் அது பெரிய குறையும் அல்ல. நீண்ட செங்குத்து இறக்கம் உள்ள வழிக்கு மட்டும் டிரம்மைத் தவிர்க்கவும், சூடேறி வலுவிழக்கும்.

டயர்: ஆணி எப்போது, எத்தனை

மெத்தென்ற புதுப் பனியில் ஆணி பெரிதாக உதவாது. அங்கே வேலை செய்வது டயரின் பல்பதிவு. உருகி மறுபடி உறைந்து, கண்ணுக்கே தெரியாமல் சாலையோடு ஒட்டிக் கிடக்கும் பனித்தகட்டில் ரப்பர் எந்த வகையானாலும் நிற்காது. அங்கே ஆணி மட்டுமே பிடிக்கும்.

ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். வெறும் எஃகு முனை தார்ச்சாலையில் சில வாரத்தில் மழுங்கிவிடும். பின்லாந்தின் ஹக்கபெலீட்டா வரிசையில் டபிள்யூ106, டபிள்யூ240 என்ற பெயர்களில் உள்ள எண்ணே ஆணிகளின் எண்ணிக்கை. இரண்டு வரிசை ஆணி உள்ளவை, பெரும்பாலும் துப்புரவாக இருந்து எப்போதாவது உறையும் சாலைக்கு. நான்கு வரிசை உள்ளவை, வண்டித்தடங்கள் பள்ளம் பள்ளமாக உறைந்து கிடக்கும் தெருவுக்கு. ஷ்வால்பே மாரத்தான் வின்டர் பிளஸ்ஸும் நான்கு வரிசைதான். உறைந்த தடத்தின் விளிம்பில் டயர் ஏறும்போது பக்கவாட்டில் உள்ள வரிசைதான் விழாமல் காக்கிறது.

ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலாட்டும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிப்பதற்குள் தரையில் இருப்பீர்கள்.

புது ஆணி டயரை முதல் 40 முதல் 50 கி.மீ. தார்ச்சாலையில் திடீர் பிரேக்கும் வேகத் திருப்பமும் இல்லாமல் ஓட்டுங்கள். ஆணிகள் ரப்பருக்குள் அமர்ந்து இறுகும். இதைச் செய்யாமல் முதல் நாளே பனியில் இறங்கினால் மாத முடிவில் ஆணிகள் உதிர்ந்திருக்கும். மாற்றும் நாளை நாட்காட்டியில் தேடாதீர்கள். அதிகாலை வெப்பநிலை 3, 4 டிகிரிக்கு இறங்கத் தொடங்கினால் பாலங்களின் மேல் உறைபனி வந்துவிடும். டயரை அப்போதே மாற்றிவிடலாம்.

காற்றழுத்தத்தில் பலர் சறுக்குகிறார்கள். 20 டிகிரி அறையில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர், மைனஸ் 15-இல் சுமார் 51 பிஎஸ்ஐதான் காட்டும். ஓட்டை எதுவும் இல்லை. காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 40 மி.மீ. டயருக்கு, நடுத்தர எடையுள்ளவர் பனியில் 35 முதல் 45 வரை வைக்கலாம், துப்புரவான சாலையில் 50, 55. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

சக்கர அளவும் இங்கேதான் முக்கியம். 622 அளவுக்கு ஆணி டயர் அதிக வகைகளில் கிடைக்கும். அபூர்வ அளவுச் சக்கரம் உள்ள சைக்கிளை வாங்குமுன் அந்த அளவில் ஆணி டயர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு அங்குலக் கொழுத்த டயர் சைக்கிளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பனி அகற்றாத பாதையில் அது ராஜா. அகற்றிய சாலையில், கோடை முழுவதும் அந்தக் கனத்தை மிதித்துத் தள்ள வேண்டியது நீங்கள்தான்.

சட்டம், உலோகம், கிரீஸ்

எஃகா அலுமினியமா என்ற வாதத்தில் இரண்டு பக்கமும் பாதி உண்மை. எஃகு உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். வாங்கியதும் குழாய்களுக்குள் துருத்தடுப்பு மெழுகு எண்ணெயைப் பீச்சிவிட்டால் பல ஆண்டு தாங்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் எஃகுத் திருகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். எஃகுச் சட்டத்துக்குள் அலுமினிய சீட் போஸ்ட் இருந்தாலும் இதே கதை. இரண்டு மாதத்துக்கொருமுறை சீட் போஸ்டை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். ஒரு வருடம் விட்டால் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பெடலின் திருகுமரை, மட்கார்டுத் திருகுகள், ஹேண்டில்பார் திருகுகள் என எல்லாவற்றையும் வாங்கிய நாளே கழற்றிக் கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ஸ்போக் நிப்பிள் பித்தளையா என்று கேளுங்கள். அலுமினிய நிப்பிள் உப்பில் வெடித்துவிடும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் அது அடைபடாமல் இருக்கட்டும். சஸ்பென்ஷன் ஃபோர்க் வேண்டாம்: குளிரில் எண்ணெய் தடித்து மரக்கட்டையாகிவிடும், உப்பு அதன் ரப்பரைக் கிழிக்கும், கூடுதல் கனம் வேறு.

உடம்பு தொடும் இடங்கள்

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது குளிர்காலப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். பெடல் முன்னால் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பினால் பூட்ஸின் நுனி மட்கார்டில் இடிக்கிறதா? சாதாரணச் செருப்பில் தட்டாத சைக்கிள் பூட்ஸில் தட்டும். மெதுவாகத் திரும்பும்போது அப்படி இடித்தால் விழுவதைத் தவிர வழியில்லை. பெடல் அகலமாக, சிறு முட்கள் உள்ளதாக இருக்கட்டும். ஷூவைப் பூட்டும் பெடலில் பனி அடைத்துக்கொள்ளும், அடியிலுள்ள உலோகம் பாதச் சூட்டையும் உறிஞ்சும்.

குறுக்குக் குழாய் தாழ்ந்த சட்டம், தடித்த காற்சட்டையோடு ஏறி இறங்க நல்லது. காலைச் சட்டென்று ஊன்றலாம். பனி நாட்களில் சீட்டை 1, 2 செ.மீ. இறக்கிக்கொள்ளுங்கள். நேரான அல்லது சற்றே பின்வளைந்த ஹேண்டில் வேண்டும், அதில் கைக்கு உறை மாட்டலாம். கியர் மாற்றுவது திருகும் வகை என்றால் தடித்த கையுறையோடும் இயங்கும். சின்னப் பொத்தான்களைக் குளிர்ந்த விரல் தேடிக்கொண்டிருக்கும்.

விளக்குக்கு 6 வோல்ட், 3 வாட் ஹப் டைனமோ. குளிரில் பேட்டரியின் திறன் சுருங்கிவிடும்; டைனமோவுக்கு அந்த வேலையே இல்லை. மின்சைக்கிள் வாங்குகிறவர்கள் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துவர முடிகிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, நிரந்தரமாகக் கெடும். வெளியிலிருந்து கொண்டுவந்ததும் சில மணி நேரம் அறைச்சூட்டுக்கு வரவிட்டு, பிறகு செருகுங்கள்.

நிறுத்துவதும் கழுவுவதும்

உப்பு நனைந்த சைக்கிளைச் சூடான அறைக்குள் வைப்பது அக்கறைபோல் தெரியும். உண்மையில் துரு அங்கேதான் வேகமெடுக்கும். உப்பும் ஈரமும் வெப்பமும் ஒன்றாகக் கிடைக்கின்றனவே. மேலும், உருகிய தண்ணீர் கேபிளுக்குள்ளும் ஃப்ரீவீலுக்குள்ளும் இறங்கி, காலையில் வெளியே எடுத்ததும் அங்கேயே உறையும். சூடில்லாத, கூரையுள்ள இடமே நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் நன்றாகத் துடைத்து, முழுக்கக் காயும் வரை விட்டு, பிறகு வெளியே எடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றி உப்பைக் கரையுங்கள். பீச்சும் குழாய் வேண்டாம், பேரிங்கின் கிரீஸை வெளியேற்றி உப்புநீரை உள்ளே அனுப்பிவிடும். செயின் திறந்திருந்தால் துடைத்து, ஈரச் சாலைக்கான கெட்டி எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெய்தான் மணலைச் சேர்க்கிறது.

பூட்டின் சாவித்துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், உள்ளே கிராஃபைட் தூள் போடுங்கள். பையில் ஒரு மாற்று ட்யூபும், ஹப் கியர் சைக்கிளானால் 15 மி.மீ. ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும். உறைகுளிரில் ஒட்டுப்பசை காயாது. பின்சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபின் பழுதான பகுதியை மட்டும் வெளியே இழுத்து, பசை தேவைப்படாத ஒட்டுத்துண்டை ஒட்டலாம். அந்த இடத்தை முதலில் உள்ளங்கையில் பொத்தி, ஈரம் போகத் துடைத்துச் சூடாக்கிக்கொண்டால்தான் அதுவும் பிடிக்கும்.